இருநூற்றைம்பதும் புட்டுக்குழலும்

புளியந்தீவில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர், எதுவானாலும் அச்சுக்குப் போவதற்கு முன் என் மேசைக்கு வந்துதான் போகும். பதவியின் பெயர் ஒப்புநோக்குநர். என் மனைவி அதைச் சுருக்கி, 'பிழை பிடிக்கிற உத்தியோகம்' என்பாள். ஒருமுறை, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கான அழைப்பில் 'மிக்க மகிழ்ச்சியுடன் அழைக்கின்றோம்' என்றிருந்ததைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியவன் நான். இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு இரண்டு தரம்.

இந்த உத்தியோகத்தால் ஒட்டிக்கொண்ட பழக்கம், கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாசிப்பது. மருந்துப் போத்தல், சவர்க்காரக் கவர், பஸ்ஸின் பின்பக்கம், ஒன்றையும் விடமாட்டேன். சொசேஜ் பொதியின் பின்பக்கத்தை மட்டும் எப்படிப் பத்து வருடமாக வாசிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. அவசரத்தில் அந்தப் பக்கத்தால்தான் கிழிப்பேன் என்பது காரணமாக இருக்கலாம்.

சொசேஜ் கொண்டுவருவது மனைவியின் தம்பி. பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலின் சமையலறையில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறு லீவு கிடைக்கும். கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வருவான். வரும்போது வழியில் ஒரு பொதி கோழி சொசேஜ் வாங்கிக்கொண்டு வருவான். மனைவி அதைச் சரிவாக வெட்டி, வெங்காயமும் கறிமிளகாயும் இடித்த கொச்சிக்காயும் போட்டுப் பொரித்தெடுப்பாள். ஒரு பொதியில் பத்து இருக்கும். மனைவிக்கு இரண்டு, மச்சானுக்கு இரண்டு, மீதி ஆறும் என் பொறுப்பு. பொறுப்பை நான் ஒருநாளும் தட்டிக்கழித்ததில்லை.

அன்றைக்கு என்னவோ மனைவி பொதியைக் கத்தரியால் ஒழுங்காக வெட்டியிருந்தாள். சாப்பிட்டு முடித்து விரலை நக்கிக்கொண்டிருந்தபோது வெறும் கவர் எனக்கு நேரே கிடந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம். தமிழில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'சேர்க்கப்பட்ட நாற்காப்பு: இ 250.'

"இஞ்சப் பாருங்க, பிழை விட்டிருக்காங்கள்!" என்று கத்தினேன். நற்காப்பு என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல். உணவு பழுதாகாமல் காப்பதற்குச் சேர்க்கிற சாமான். அச்சில் ஓர் அரவு, அதாவது துணைக்கால், கூடிப்போய், நற்காப்பு நாற்காப்பாகிவிட்டது.

மனைவி கவரை வாங்கிப் பார்த்தாள். "நாலு காப்பா? கலியாணத்துக்கு நீங்க எனக்கு ரெண்டுதானே போட்டீங்க. சொசேஜுக்கு நாலு போட்டிருக்காங்க."

மச்சான் தண்ணீர் புரையேறி இருமினான். நான் சிரிக்கவில்லை. பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அடங்கியதும், என் கண் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலிருந்த இலக்கத்தில் நின்றுவிட்டது. இ 250. அதென்ன இ? அதென்ன இருநூற்றைம்பது?

போனில் தேடினேன். சோடியம் நைத்திரைற்று என்று வந்தது. அதற்குக் கீழே வந்ததெல்லாம் புற்றுநோய். பின்னேரம் முழுக்க வாசித்தேன். ஒன்றை வாசித்து முடிக்க அடுத்தது தானாக வந்தது. ஒரு வீடியோவில் ஒருவர் சொசேஜை மேசையில் வைத்து அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு பேசினார். பத்து வருடம், இரண்டு கிழமைக்கு ஆறு. நான் பெருக்கிப் பார்க்கவில்லை. பெருக்கினால் வருகிற எண்ணைத் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை.

அன்றிலிருந்து உடம்பில் எது நொந்தாலும் அதைச் சொசேஜின் தலையில் போட்டேன். இடது முழங்கால், கழுத்து, காதுக்குள் கேட்கும் 'ஙொய்' என்ற சத்தம், கொட்டிப்போன தலைமயிர்.

"உங்கட அப்பாவுக்கும் வழுக்கைதானே," என்றாள் மனைவி. "அவர் எந்தக் காலத்தில சொசேஜ் தின்ன?"

"அவர்ர வேற வழுக்கை," என்றேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். ஒரு பாடசாலை மலருக்கு அதிபர் எழுதிய ஆசிச்செய்தி மேசையில் கிடந்தது. மாணவர்கள் நற்பண்புகளுடன் வளர வாழ்த்துவதாக எழுதியிருந்தார். பண்புக்கு 'ண்' போடாமல் 'ன்' போட்டிருந்ததைத் திருத்தினேன். திருத்தியதை முதலாளி என்னிடமே திரும்பக் கொண்டுவந்து காட்டினார். மாணவர்கள் நற்காப்புகளுடன் வளர வாழ்த்தியிருந்தேன்.

"பிள்ளையள் பழுதாகாம கனநாளைக்கு இருக்கட்டும் எண்டுறீங்களா?" என்று கேட்டார் முதலாளி. இருபத்திரண்டு வருடத்தில் என் பேனாவால் வந்த முதல் பிழை அது. அதையும் நான் சொசேஜின் தலையிலேயே போட்டேன். மூளையையும் தொட்டுவிட்டது என்று தீர்மானித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு குசினிக்குள் புகுந்தேன். அலுமாரியில் இருந்த போத்தல், டின், கவர் எல்லாவற்றையும் தரையில் அடுக்கி ஒவ்வொன்றாக வாசித்தேன். தக்காளி சோஸில் ஒரு நற்காப்பு, வட்டம் போட்டேன். கரைத்துக் குடிக்கிற நெல்லிக் கோடியலில் இரண்டு, இரண்டு வட்டம். ஜாமில் ஒன்று. டின் மீன்தான் பெரிய குற்றவாளியாக இருக்கும் என்று கடைசிக்கு வைத்திருந்தேன். அதில் மீன், உப்பு, தண்ணீர் என்று மட்டும் இருந்தது. மூன்று மொழியிலும் வாசித்தேன். எனக்குச் சிங்களம் வடிவாக வாசிக்க வராது, இருந்தாலும் விடவில்லை. ஒன்றுமே இல்லை. டின்னைத் திரும்ப அலுமாரியில் வைக்கும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்போல இருந்தது.

மனைவி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அந்தக் கருவாட்டுப் பானைக்கும் வட்டம் போடுறதுதானே?"

"கருவாட்டில என்ன? வெறும் உப்புத்தானே."

"அந்த உப்பு என்னத்துக்குப் போடுற? கருவாடு பழுதாகாம இருக்கத்தானே? அப்ப அதுவும் உங்கட நற்காப்புத்தான். ஊறுகாய்க்கு நான் விடுற வினாகிரியும் நற்காப்புத்தான்."

"அது இயற்கை."

"நான் ஆக்கின சோத்துக்குள்ள மயிர் கிடந்தா அதுவும் இயற்கைதான். மறுகா ஏன் கத்துறீங்க?"

வாயால் வெல்லமுடியாத இடத்தில் விஞ்ஞானத்தால் வெல்லலாம் என்று பட்டது. ஒரு பரிசோதனை செய்ய முடிவெடுத்தேன்.

அடுத்த முறை மச்சான் கொண்டுவந்த பொதியிலிருந்து ஒரு சொசேஜை எடுத்தேன். அன்றைக்குச் சந்தையில் வாங்கிய வாவி இறாலிலிருந்து ஒன்றை எடுத்தேன். சொசேஜைப் பின் மதிலின்மேல் ஒரு தட்டில் வைத்தேன். இறாலைப் பூனை தூக்கிவிடும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் கூடையால் மூடி வைத்தேன். எது முதலில் பழுதாகிறது என்று உலகத்துக்குக் காட்டவேண்டும். உலகம் என்பது மனைவியும் மச்சானும்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். காலையிலிருந்தே அனல். அச்சகத்துக்கு 'சொந்தக் காரணம்' என்று எழுதிக்கொடுத்து இரண்டு நாள் லீவு எடுத்து, பின்வளவில் கதிரை போட்டு, கையில் ஒரு கம்புடன் உட்கார்ந்தேன். காகம் வந்து மதிலில் இருந்து சொசேஜைச் சாய்ந்து பார்க்கும். பிறகு என்னைப் பார்க்கும். பறந்துவிடும்.

"கண்டியா? காகம்கூடத் தொடல!" என்று உள்ளே குரல் கொடுப்பேன்.

இரண்டாம் நாளே இறால் நாறத் தொடங்கியது. சாதாரண நாற்றம் இல்லை. மனைவி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குசினி யன்னலைச் சாத்தினாள். சொசேஜோ ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. கொஞ்சம் சுருங்கியது, நிறம் கறுத்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பென்சில்போல ஆகிவிட்டது. வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

பின் மதிலுக்கு அந்தப் பக்கத்து வளவில் இருப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் பி.எச்.ஐ. ஐயா என்பார்கள். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் உத்தியோகம் அவரை விட்டுப் போகவில்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய்த் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மணமக்களை வாழ்த்துவார்.

"தம்பி, உங்கட வளவுக்குள்ள ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டார்.

"இறால் ஐயா. பரிசோதனை."

அவர் சுற்றி வந்து முன் கேற்றால் உள்ளே வந்தார். சட்டைப் பையில் சின்னக் கொப்பி ஒன்று. நான் முழுவதையும் விளக்கினேன். இ 250, புற்றுநோய், சொசேஜ் பழுதாகாத அதிசயம், காகம் தொடாத அதிசயம். அவர் தட்டில் இருந்ததை விரலால் தட்டிப் பார்த்தார். 'டக் டக்' என்றது.

"இதை வெயில்ல வைச்சீங்க. இறாலை நிழல்ல வைச்சீங்க. என்ன?"

"ஓம் ஐயா. பூனைக்காக."

"வெயில்ல வைச்சா எது எண்டாலும் காயும் தம்பி. கருவாடு எப்பிடிக் காயுது? இறாலை மதில்ல வைச்சிருந்தா இப்ப ரெண்டு கருவாடு கிடைச்சிருக்கும்."

"அப்ப காகம்?"

"நீங்க கம்போட பக்கத்தில இருந்தா காகம் எப்பிடி வரும்? நான் எண்டாலும் வரமாட்டன்."

குசினிக்குள்ளிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. பி.எச்.ஐ. ஐயா என் கதிரையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"அந்த நைத்திரைற்றை சும்மா போடல. இறைச்சியைக் காத்துப் படாம அடைச்சு வைச்சா ஒரு கிருமி வளரும். அது விடுற நஞ்சு ஆளையே முடிச்சுப்போடும். அதைத் தடுக்கத்தான் போடுறாங்க. இவ்வளவுதான் போடலாம் எண்டு சட்டமும் இருக்கு. ஆனா நீங்க வாசிச்சதும் முழுப் பொய் இல்ல. இப்பிடிப் பதப்படுத்தின இறைச்சியை நெடுக அள்ளித் தின்னுற ஆக்களுக்குக் குடல்ல புற்றுநோய் வாற சாத்தியம் கூடத்தான். எப்பவாவது கொஞ்சம் தின்னுறதுக்கும் நெடுகத் தின்னுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நீங்க ஒரு முறைக்கு எத்தின தின்னுவீங்க?"

"சும்மா... ஒண்டு, ரெண்டு," என்றேன்.

"ஆறு!" என்றாள் மனைவி, யன்னலைத் திறந்து.

பி.எச்.ஐ. ஐயா கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

அவர் சொன்னதோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இரண்டு கிழமை கழித்து மச்சான் வந்தபோது மனைவி நடந்ததையெல்லாம் நடித்துக்காட்டினாள். என்னைப்போலக் கம்பைப் பிடித்துக்கொண்டு, காகத்தைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு வேடமும் அவளே போட்டாள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அத்தான், இவ்வளவு பயம் எண்டா நற்காப்பு இல்லாம நீங்களே சொசேஜ் செய்யிறதுதானே? இறைச்சி, உப்பு, மிளகு. பெரிய வித்தை இல்ல."

"செய்தா என்ன தருவாய்?"

"செய்தா தின்னுறன்."

"சரி. அடுத்த முறை வா. சொசேஜ் கொண்டுவராத. இஞ்சயே கிடக்கும்."

சொல்லிவிட்டேன். அவன் அடுத்து வரவிருந்த ஞாயிறு காலையில் காத்தான்குடிக்குப் போய்ப் பழக்கமான கோழிக்கடையில் ஒரு கிலோ எலும்பில்லாத கோழியை இரண்டு தரம் அரைத்துத் தரச் சொன்னேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, சொசேஜுக்கு மேலே ஓர் உறை வேண்டும். அது குடலால் செய்வது என்று வாசித்திருந்தேன். கடைக்காரரை நாங்கள் 'காக்கா' என்போம், அண்ணன் என்று அர்த்தம்.

"காக்கா, குடல் கிடைக்குமா?"

"குடல் கறிக்கா சேர்?"

"இல்ல. உள்ளுக்குக் கோழியை அடைக்கிறதுக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கோழிக்குள்ளதானே சேர் குடல் இருக்கும். நீங்க குடலுக்குள்ள கோழியை அடைக்கப் போறீங்களா?"

பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் விளக்க முயன்றேன். விளக்க விளக்க அது இன்னும் மோசமாகக் கேட்டது. அரைத்த இறைச்சியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். "சேர், சரிவந்தா எனக்கும் ஒண்டு சொல்லுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

உறைக்கு என்ன செய்வது என்று வீடு வரும்வரை யோசித்தேன். குசினிக்குள் நுழைந்ததும் ஆணியில் தொங்கிய புட்டுக்குழல் கண்ணில் பட்டது. நீளம், உருளை, உள்ளே வழுவழுப்பு. சொசேஜுக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஒரே குறை, பத்து சொசேஜுக்குப் பதிலாக ஒரு பெரிய சொசேஜ்தான் வரும். அதை வெட்டிச் சாப்பிடலாம்.

"புட்டுக்குழலா?" என்றாள் மனைவி. "இனி இதில புட்டு அவிச்சா கோழி மணக்கும்."

"நல்லதுதானே. புட்டும் கறியும் ஒண்டா வந்திரும்."

இறைச்சியில் பாதியை எடுத்து உப்பு, மிளகு, உள்ளி போட்டுப் பிசைந்தேன். சொசேஜ் இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதால் அகப்பைக் காம்பால் இடித்து இடித்துக் குழலுக்குள் அடைத்தேன். ஒரு ஊசி போகவும் இடம் இல்லை. பானையும் குழலும் சேருகிற இடத்தில் ஆவி வீணாகக்கூடாது என்று ஈரத் துணியை மனைவி வழக்கமாகச் சுற்றுவதைவிட மூன்று சுற்றுக் கூடச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அடுப்புக்கு மேலே சுவரில் சாமான் வைக்கிற தட்டு ஒன்று இருந்ததால் குழல் நேராக நிற்க இடமில்லை. கொஞ்சம் சாய்த்து வைத்தேன். பின்கதவுப் பக்கமாக.

மனைவி ஒருமுறை கேட்டாள். "ஆவி போக வழி வேணாமா?"

"போகும்," என்றேன்.

பின்னேரம் நாலு மணி இருக்கும். மச்சான் வந்து குசினி வாசலில் நின்றான். மூன்று பேரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் 'ஸ்' என்றொரு சத்தம். பிறகு பானை மெதுவாக ஆடத் தொடங்கியது. மச்சான், "அத்தான், நெருப்பைக் குறை..." என்று சொல்லத் தொடங்கினான்.

'டொம்!'

ஏதோ ஒன்று எங்களைக் கடந்து பின்கதவால் போனது. நான் அதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் அந்த நேரம் தரையில் குப்புறக் கிடந்தேன். எப்படிப் படுத்தேன் என்று தெரியாது. காதைப் பொத்தியிருந்தேன், வாயைத் திறந்து வைத்திருந்தேன். மனைவி மேசைக்குக் கீழே கிடந்தாள். மச்சான் சுவரோரம் தலைக்கு மேலே கையை வைத்துச் சுருண்டிருந்தான். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு என்ன செய்யவேண்டும் என்பதை எங்கள் உடம்பு மறக்கவில்லை. எங்களிடம் கேட்கவும் இல்லை.

அடுப்பில் பானை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு மனைவி மேசைக்குக் கீழிருந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப போயிட்டுதா ஆவி?" என்றாள்.

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு மச்சான். நான் எழும்ப முயன்று, சிரிப்பில் கை வழுக்கி, திரும்பவும் விழுந்தேன். மூன்று பேரும் தரையில் கிடந்து கண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு நிற்கும்போலிருந்த நேரம் பின் மதிலுக்கு மேலே பி.எச்.ஐ. ஐயாவின் தலை தெரிந்தது.

"ஆருக்கும் ஒண்டும் இல்லையே?"

"இல்ல ஐயா!"

"வானத்தால ஒரு சாமான் வந்து என்ர கத்தரிப் பாத்திக்குள்ள விழுந்திருக்கு."

அவர் முன் கேற்றால் சுற்றிவந்தார். கையில் மண்வெட்டி, மண்வெட்டியில் ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு உருளை. அதன் ஒரு முனையில் மண் ஒட்டியிருந்தது. அவருடைய வெறும் மேலிலும் சாரத்தின் முன்பக்கத்திலும் அதே மண். பூவாளியைப் போட்டுவிட்டு அவரும் பாத்திக்குள் படுத்திருக்கிறார். நாங்கள் அதைப் பார்த்தோம். நாங்கள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"பழக்கம்," என்றார் கொஞ்சம் வெட்கத்துடன், நெஞ்சைத் தட்டிக்கொண்டு.

"நாங்களும்தான் ஐயா," என்றாள் மனைவி. "இவரைக் கேளுங்க, இன்னும் எழும்பல."

மண்வெட்டியில் கிடந்ததை நான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். மச்சான்தான் கேட்டான், இது ஏன் இளஞ்சிவப்பாக இல்லாமல் செத்த நிறத்தில் இருக்கிறது என்று. அந்தச் சிவப்பையும் நைத்திரைற்றுத்தான் கொடுக்கிறது, இல்லாவிட்டால் அவித்த இறைச்சிக்கு இதுதான் நிறம் என்று பி.எச்.ஐ. ஐயா விளக்கினார். இவ்வளவு நாளும் எனக்குப் பசியைக் கிளப்பியது அந்த இருநூற்றைம்பதுதான் என்பதை அப்போது அறிந்து வருந்தினேன்.

மீதி அரைக் கிலோவை மனைவி என் கையிலிருந்து பறித்துவிட்டாள். அதில் வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் அரிந்து போட்டாள். குழலைக் கழுவி, ஒரு பிடி தேங்காய்ப்பூ, ஒரு பிடி புட்டு மா, ஒரு பிடி இறைச்சி என்று இடிக்காமல் தளர்வாக அடுக்கி, நேராக நிற்கும்படி அடுப்பை இழுத்து வைத்து அவித்தாள். ஆவி மேலால் ஒழுங்காக வந்தது. நாங்கள் மூன்று ஆண்களும் வாசலுக்கு வெளியே நின்றோம். அவள் குழலிலிருந்து தள்ளியபோது அது சத்தமில்லாமல் தட்டில் வந்து இறங்கியது. மச்சான் சொன்னபடி தின்றான். பி.எச்.ஐ. ஐயா இரண்டு தரம் வாங்கித் தின்றார். "இதுக்கு லேபல் வேணாம்," என்றார்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் தட்டில் இரண்டு துண்டு மிஞ்சியது. மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"வைக்காத," என்றேன். "மேசையிலயே கிடக்கட்டும். நல்ல சாப்பாடு எண்டா பழுதாகவேணும். நாளைக்கு அது பழுதாகிறதை நான் பாக்கவேணும்."

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு மேசையில் மூடி வைத்தாள்.

காலையில் எழும்பித் திறந்து பார்த்தேன். பழுதானதுபோலத் தெரியவில்லை. முகர்ந்தேன். நேற்றையதைவிட வாசமாக இருந்தது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, பாண் ஒரு துண்டு இருந்தது. அதோடு அந்த இரண்டு புட்டுத் துண்டையும் தின்றுவிட்டுப் புறப்பட்டேன். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. காற்று என்று நினைத்தேன். பத்து மணிக்கு ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழில் இரண்டாவது வரியில் இருந்தபோது பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த அழைப்பிதழின் மூன்றாவது வரிக்கு நான் போய்ச் சேரவே இல்லை. முதலாளி என்னை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன். படுக்கையில் என்றா சொன்னேன், பாதி நேரம் அங்கே இல்லை. பத்து வருடம் சொசேஜ் தின்று ஒருநாளும் வராத வயிற்றோட்டம், ஓர் இரவு நற்காப்பு இல்லாமல் மேசையில் கிடந்த புட்டால் வந்தது. மனைவி இதைச் சொல்லவே இல்லை. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். ஒரேயொரு தரம் மட்டும், தலையணையைச் சரிசெய்துகொண்டு, "இறால்கூட ஒரு நாள் முழுக்கத் தாங்கிச்சே," என்றாள்.

பி.எச்.ஐ. ஐயா இரண்டு இளநீரோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கொப்பியைத் திறந்து, தொண்டையைச் செருமினார்.

"கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"உங்களுக்குத்தான் தெரியுமே ஐயா."

"நீங்க சொல்லவேணும். எத்தின மணிக்கு?"

சொன்னேன். "மிச்சம் ஏதும் இருக்கா, ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பாக்க?" என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் ஏமாந்துபோனார். வேறு யாருக்காவது இதே அறிகுறி இருக்கிறதா, குடிதண்ணீர் எங்கிருந்து, கை கழுவினீர்களா என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். எட்டு வருடத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் நோயாளி நான். அவருடைய முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு வயிற்று நோவே குறைந்ததுபோல இருந்தது. போகும்போது குசினிக்குள் எட்டிப் பார்த்து, தண்ணீர்ப் பானையின் மூடியைச் சரியாக மூடிவிட்டுப் போனார்.

இப்போது மச்சான் வரும்போது அன்னாசிப்பழம் கொண்டுவருகிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் சொசேஜ். ஆளுக்கு ஒன்று, பி.எச்.ஐ. ஐயா வந்தால் அவருக்கும் ஒன்று. மிச்சத்தை மனைவி அப்போதே பொதி கட்டித் தம்பியின் கையில் கொடுத்து ஹோட்டல் நண்பர்களுக்கு அனுப்பிவிடுவாள். எனக்குரிய ஒன்றை மெல்லியதாக, எத்தனை துண்டாக முடியுமோ அத்தனை துண்டாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் கூடின நேரம் சாப்பிடலாம். போன முறை பதினேழு துண்டு வந்தது. அவற்றில் இரண்டை மச்சான் பேச்சுக்கொடுத்துக்கொண்டே தூக்கிவிட்டான். நான் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்துவிட்டேன். வயிற்றுக்கு நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தட்டில் ஒட்டியிருந்த வெங்காயத்தை வழித்துத் தின்றேன்.